கை நனைக்காத விருந்து

சின்னச் சின்னத் தட்டுகளில் நாலு வாய் சாப்பாட்டை வைத்து, அதற்காக விளக்கை அணைத்து மேளம் தட்டுகிற கடைக்கு யாராவது கூப்பிட்டால் நான் போவதில்லை. காரணம் கேட்பவர்களிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம்தான் காரணம். எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, அந்தக் கோபத்துக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். மலாக்காவில், காஜா பேராங் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஒரு தோட்டத் துரை காலி செய்துவிட்டுப் போன பங்களாவில் ஸ்பானியச் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்தார்கள். நடத்தியவர் கடலோரத்துப் போர்த்துகீசிய வம்சத்து மனிதர். கப்பலில் சமையல்காரராகப் போய், ஏதோ ஒரு ஸ்பானியத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஒரு மதுக்கடையில் பல வருடம் சமைத்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் அதுவரை சாப்பாட்டுக் கடை என்றால் வாழை இலை, மங்குத் தட்டு, பீங்கான் கோப்பை, அவ்வளவுதான். இவர் கடையில் நாடகமே நடக்கிறதாம் என்று பேச்சு. எங்கள் தெருக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவார்கள். உள்ளே போனவர்கள் யாருமில்லை.

அந்தக் கடையில் வைத்துத்தான் என்னைப் பெண் பார்த்தார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் தின்னலாம், காப்பி குடிக்கலாம். சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு மாறினால் மானம் போய்விடும். அதனால் மனசில்லாதவர்கள் கேசரியோடு எழுந்துவிடுவார்கள். எனக்கு முன்பு வந்த இரண்டு வீட்டாரும் கேசரியோடு எழுந்தவர்கள்தான். ஒரு வீட்டுக்கு நான் கறுப்பு. இன்னொரு வீட்டுக்கு, புக்கிட் ரம்பாய் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் பஸ் ஏறிப் போகிற பெண் வாயாடியாகத்தான் இருப்பாள் என்று எண்ணம். அதில் தப்பில்லை, வாயாடிதான்.

மூன்றாவதாக வந்த வரன் பத்து பெரெண்டாமில் அரசாங்க வீட்டில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போக, அவர்கள் விட்ட நாற்காலிகளில் நம் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அந்த நாற்காலி வந்த பிறகு அவருடைய அம்மாவும் தாய்மாமனும் தரையில் நடந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதெல்லாம் பழைய பழக்கம், மாப்பிள்ளை பெரிய விருந்துகளுக்குப் போகிறவர், நாலு பேர் நடுவில் பெண் எப்படி உட்காருகிறாள் என்று பார்க்க வேண்டும், அந்த ஸ்பானியக் கடைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அழைப்பு அவர்களுடையது, விருந்தும் அதன் செலவும் எங்களுடையது. அப்பா சரி என்றார். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் நம் வாசலுக்கு வர மாட்டார்கள் என்று அம்மா என் காதுபட அழுதிருந்தாள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ‘சரி’. அதற்காக அவர் எதையும் விழுங்கத் தயாராக இருந்தார்.

என் அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். காக்கிச் சட்டையோடு அவர் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் வைத்திருப்பவனே பயந்து மடியைத் தடவுவான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது அந்த மனிதர் இல்லை.

அதற்கு முந்தின வாரம் முழுக்க எனக்கு முள்கரண்டிப் பயிற்சி. யாரிடமோ இரவல் வாங்கி வந்த கரண்டியையும் கத்தியையும் கையில் கொடுத்து, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்து, அம்மா எதிரே உட்கார்ந்து கவனிப்பாள்.

“வெட்டு. மெதுவா. சத்தம் வரக்கூடாது.”

“வெட்டிட்டேன். வாயில வைக்கவா?”

“தட்டுலயே வை. வாயில வைக்காத. பொண்ணு பார்க்க வந்த எடத்துல வாரி வாரித் தின்னான்னு சொல்லிடுவாங்க. கரண்டி பிடிக்கத் தெரியும்னு காட்டினா போதும்.”

“அப்ப நான் அங்க எதுக்கும்மா? கரண்டிய மட்டும் அனுப்பி வைங்க.”

முதுகில் ஓர் அடி விழுந்தது. அந்த அடி எனக்கு வலிக்கவில்லை. இதையெல்லாம் அம்மா யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாளே, அதுதான் வலித்தது.

குறித்த நாள் சாயங்காலம் பங்களாவுக்குப் போனோம். தோரணம் மாதிரி காகித விசிறிகள் தொங்கின. வாசலில் சிவப்புத் துணியை இடுப்பில் இறுகக் கட்டி, நெற்றியில் திருநீறோடு ஒருவர் நின்றார். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மலாக்கா செட்டி வீடுகளைச் சேர்ந்தவர். கோயிலில் பார்த்தால் கும்பிடுவோம், பேசினால் மலாயில் பேசுவார், தமிழ் வராது. அன்று அவர் ஸ்பானியராக வேஷம் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் வேஷம்தான், அவருக்காவது சம்பளம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் முன்பே வந்து நடு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன். சுவர் ஓரமாக இருந்த ஒரு நாற்காலியைக் காட்டி, “நீ அங்க உக்காரும்மா, வெளிச்சம் முகத்துல விழும்” என்றார் அந்த அம்மாள். உட்கார்ந்தேன். விளக்கு நேராகக் கண்ணைக் குத்தியது.

பிறகு ஆரம்பித்தது கூத்து. திடீரென்று விளக்குகள் அணைந்தன. இருட்டில் மரக்கட்டைகளைத் தட்டும் சத்தம். சமையல்காரர் வெள்ளைத் தொப்பியோடு நடுவில் வந்து நின்று, அந்தக் காலத்தில் ஸ்பெயினில் மதுக் கோப்பையில் ஈ விழாமல் ஒரு ரொட்டித் துண்டால் மூடி வைப்பார்களாம், அந்த மூடிக்குத்தான் தாப்பாஸ் என்று பெயராம், அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ருசி சேர்ந்ததாம், இப்படி மலாயும் இங்கிலீஷும் கலந்து ஒரு கதை சொன்னார். நல்ல குரல். இன்னொரு நாளில் கேட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

இறால் ஒரு குட்டிச் சம்பானில் வந்தது. அடியில் தேங்காய் மட்டையைக் கனிய விட்டிருந்ததால் படகு முழுக்கப் புகை. கொண்டைக்கடலையும் கீரையும் ஒரு பறவைக் கூண்டுக்குள் வந்தன. கூண்டைத் திறந்தால் கடலைமேல் ஒரு காடை முட்டை. உருளைக்கிழங்கு அடையை அவர் உத்தரம்வரை தூக்கிப் போட்டு, திரும்பி நின்று முதுகுப்பக்கமாகத் தட்டில் பிடித்தார். கணவாயின் கறுப்பு மையை மைக்கூட்டில் கொண்டுவந்து, தூரிகையால் ஒவ்வொருவர் தட்டிலும் ‘மெர்டேக்கா’ என்று எழுதினார். எல்லா மேசையும் ஆரவாரம் செய்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சுதந்திரத்தை ஒரு ரொட்டித் துண்டால் சுத்தமாகத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லாம் வாசனையோ வாசனை. எனக்கு மத்தியானத்திலிருந்து பசி. நான் வெட்டினேன். சத்தம் வராமல் வெட்டினேன். உருளைக்கிழங்கு அடையை நாலாக, எட்டாக, பொடியாக வெட்டி, தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் தன் பங்கைப் பல் குத்தும் குச்சியால் குத்திக் குத்தி, உதட்டில் படாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

“வேலைய விட்டுடுவல்ல?” என்றார் நடுவில்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “விட்டுடுவா. நாளைக்கே எழுதிக் கொடுத்துடுவா.”

மாப்பிள்ளை என்னோடு பேசியது ஒரே ஒரு விஷயம். போன மாதம் தன் துரைக்கு நடந்த பிரிவுபசார விருந்தில் எத்தனை வகைக் கரண்டி வைத்திருந்தார்கள் என்பது. சொல்லி முடித்துவிட்டு, கூண்டிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் தோல்பை வந்தது. அதில் மது. தூரத்தில் நின்று பையை அமுக்கினால் நூல்போல் பீறிட்டு நேராக வாயில் விழ வேண்டும். அதுதான் வித்தை. தாய்மாமன் வாயைப் பிளந்து ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். பழகிய வாய். பிறகு பையை வாங்கி, “நீங்களும் ஒரு கை பாருங்க” என்று அப்பாவின் பக்கம் நீட்டினார். அப்பா மது தொட்டவரில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். தாய்மாமன் பையை அமுக்கிவிட்டார். சிவப்பு மது அப்பாவின் மூக்கில், மோவாயில், அன்றைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் மார்பு முழுக்க வழிந்தது. பக்கத்து மேசைகளும் சிரித்தன. மாப்பிள்ளை சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அப்பா சிரித்ததை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. தாய்மாமனின் கையிலிருந்த அந்தப் பையைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் என்று என் கை துடித்தது. அம்மா மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் சிவப்புத் துணிக்காரர் எங்கள் மேசைக்கு வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, மரியாதையாக, அத்தை முறை வைத்து, மலாயில் கேட்டார்.

“மக்சிக், இன்னைக்கும் நாசி வேண்டாம்தானே? போன தடவைங்க மாதிரி சின்னத் தட்டோட நிறுத்திக்கலாமா?”

நாசி என்றால் சோறு என்பதும், போன தடவைகள் என்றால் என்ன என்பதும் எங்கள் மேசையில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. மலாய் தெரியாதவர் அங்கே யாருமில்லை. அந்த அம்மாள் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். சிவப்புத் துணிக்காரர் போகாமல் என் தட்டைப் பார்த்தார். பொடியாக வெட்டி அடுக்கி வைத்திருந்த அடையைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“இந்த நாற்காலில உக்கார்ற பொண்ணுங்க யாருமே சாப்பிட மாட்டேங்குறாங்க. எங்க சமையல் பிடிக்கலையா?”

நான் குனிந்து நாற்காலியைப் பார்த்தேன். இந்த நாற்காலி. வெளிச்சம் முகத்தில் விழுகிற நாற்காலி. எனக்கு முன்னால் எத்தனை பெண்கள் இதில் உட்கார்ந்து அடையைப் பொடியாக்கினார்களோ, எத்தனை அப்பாக்களின் சட்டை நனைந்ததோ. வீட்டுக்கு வந்தால் பெண் வீட்டுப் பலகாரத்தோடு எழுந்து போக வேண்டும். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. படகு படகாக வரும், கூண்டு கூண்டாக வரும், எல்லாம் பலகாரக் கணக்கில் சேரும். சோறு வருவதற்கு முன்னால் எழுந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. நாக்குக்கு விருந்து, சொல்லுக்குப் பொறுப்பில்லை. நல்ல படிப்பாளிக் குடும்பம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டைக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார், காதில் விழாத மாதிரி. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது.

“இதுக்கு முன்னாடி யாரோடெல்லாம் வந்தீங்க?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அவர் அம்மா என் அம்மாவைப் பார்த்து, “பொண்ணு நல்லாத்தான் கேள்வி கேக்குது” என்றார். தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. நாளைக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்திருக்கும்.

விளக்குகள் மறுபடியும் அணைந்தன.

கோடியில் இருந்த பெரிய மேசையில் ஒரு சீன முதலாளி, ஊரில் பெரிய தவுக்கே, பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார். அவருக்காகச் செய்த சோறு அது. மாட்டு வண்டிச் சக்கரம் அளவு இரும்புச் சட்டியை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, சுற்றிலும் வேறு சிலர் மெழுகுவர்த்தி ஏந்திக்கொண்டு, சாமி ஊர்வலம் மாதிரி வந்தார்கள். மஞ்சள் சோறு. அதில் இறாலும் மட்டியும் பூண்டும். அடியில் கொஞ்சம் தீய்ந்த வாசனை, நம் வீட்டுப் பானையின் அடிச் சோற்று வாசனை. பிறந்தநாள் சோறு என்றால் கடையில் இருக்கிற எல்லார் தட்டிலும் ஒரு அகப்பை விழ வேண்டும் என்பது சமையல்காரரின் கூத்தில் சேர்ந்தது போலிருக்கிறது. ஒவ்வொரு மேசையாக நின்று, கேட்காமலே, அள்ளி வைத்துக்கொண்டு போனார். கூடவே இறாலை உரிக்க, எலுமிச்சை மிதக்கும் தண்ணீர்க் கிண்ணங்கள்.

எங்கள் தட்டுகளிலும் விழுந்தது. ஆவி பறந்தது.

அந்த அம்மாள் என்ன செய்வார். அவ்வளவு நேரம் குச்சியால் குத்திக் குத்தித் தின்றவர். எத்தனை படகு வந்தால் என்ன, சோறு போகாத வயிறு நம் ஆட்களுக்கு நிறைந்ததாகக் கணக்கே இல்லை. இருட்டு வேறு. எல்லாரும் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது கை தானாகக் கிண்ணத்துக்குள் போனது. நனைந்தது. உதறிக்கொண்டது. சோற்றைப் பிசைந்து, இறாலோடு உருட்டி, வாய்க்குப் போனது. இன்னொரு வாய். விரலைச் சப்பிக்கொண்டு மூன்றாவது உருண்டையைப் பிடித்தபோது விளக்கு வந்துவிட்டது.

அம்மாதான் முதலில் பார்த்தாள். என் முழங்காலை விட்டுவிட்டாள்.

“சம்பந்தியம்மா கை நனைச்சிட்டாங்க” என்றாள். சந்தோஷத்தில் அவள் குரல் உடைந்தது. “ஏங்க, பாருங்க. சோத்துல கை நனைச்சிட்டாங்க.”

உருண்டை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. மஞ்சள் எண்ணெய் அவர் முழங்கைவரை வழிந்தது. தாய்மாமன் அவசரமாக, “இது கடை. பொண்ணு வீடு இல்லையே” என்றார்.

“எங்க விருந்துதானேங்க. எந்தக் கூரைக்குக் கீழ தின்னா என்ன, எங்க மேசைத் தட்டுல விழுந்த சோறு எங்க சோறு” என்றாள் அம்மா. அவள் அவ்வளவு துணிச்சலாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து மேசையில் நம் ஆட்கள் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் அவர்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கடைக்காரன் பார்க்கும்போது துணியைக் கிழித்துவிட்டவர் அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

“சரி. சாப்பிட்டாச்சு. இனிப் பேச என்ன இருக்கு” என்றார்.

இதுதான் எனக்குக் கிடைத்த சம்மதம். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. கறைபட்ட சட்டையோடு எழுந்து கைகூப்பினார். ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று புரிந்துகொண்ட சமையல்காரர் ஓடிவந்து, மரக்கட்டைகளைத் தட்டி, ஒரு தட்டுப் பழத்தில் பிராந்தியை ஊற்றிக் கொளுத்தினார். கடை முழுவதும் கை தட்டியது. மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

அம்மா என் தட்டை எனக்கு முன்னால் நகர்த்தினாள். எலுமிச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தையும் நகர்த்தினாள். “இனி நீ சாப்பிடலாம். ஒரு வாய் எடு கண்ணு. மத்தியானத்துல இருந்து ஒன்னும் தின்னல.”

சோறு மணத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதிரி பசி எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கிண்ணத்தை எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன்.

“அவங்க கை நனைச்சிட்டாங்க” என்றேன். “நான் இன்னும் நனைக்கலப்பா.”

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூப்பியிருந்த கைகள் இறங்கின. நான் எழுந்தேன். அந்த நாற்காலியை எடுத்து, விளக்கு படாத பக்கமாகச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். சிவப்புத் துணிக்காரரிடம் மலாயில், சமையலில் ஒரு குறையும் இல்லை, சாப்பிடாததற்குக் காரணம் இவர்கள் என்று மேசையைக் காட்டிச் சொன்னேன். பிறகு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊர் பேசியது. பேச வேண்டிய வாய்கள் எல்லாம் பேசின. இவ்வளவு திமிருக்கு எவன் வருவான் என்றார்கள். அம்மா பல மாதம் என் முகம் பார்த்துப் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்ததாகக் கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு விருந்து, ஒரு சட்டை, அத்தனை பெண்களின் அத்தனை சாயங்காலம், இதையெல்லாம் தின்றுவிட்டு அநியாயம் அவர்களுக்காம். நான் வேலையை விடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போலப் புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் ஏறினேன்.

கடையிலிருந்து வந்த அன்று இரவு நடந்ததைச் சொல்லவில்லையே. எனக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அம்மா நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் அடுப்படியில் பானையைத் திறந்து, மத்தியானத்துச் சோற்றையும் மீதமிருந்த மீன் குழம்பையும் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அப்பா அந்தக் கறைச் சட்டையோடு வாசற்படியில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து, என் முன்னால் குந்தி உட்கார்ந்து, “கைய நீட்டும்மா” என்றார். நீட்டினேன். ஊற்றினார்.

அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. மற்றவர்கள் மேல் இருப்பது அப்படியே இருக்கிறது.